சுகவாசி எலிகளை வதைத்தது யார்?

“ஐயோ...!”

காலை பதினொரு மணி. அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில், அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் மைக்ராஸ்கோப் அறையிலிருந்து பாய்ந்து வந்தது அலறல்!

எலிக்கூண்டுகளின் இன்சார்ஜ் அல்போன்சா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“என்ன டாக்டரம்மா? யாருக்கு என்ன ஆச்சு?”

டாக்டர் தாமரைச்செல்வி திரையைக் காட்டினாள்.

“இது சதி, அக்கா! பாருங்க... நட்சத்திர செல் எல்லாம் சுருங்கிக் கிடக்கு!”

மூளையில் நரம்பு செல்களுக்குச் சோறு ஊட்டி, குப்பை அள்ளி, கூடவே நிற்கும் உதவி செல்கள் அவை. வாரக்கணக்கில் டென்ஷன் கொடுத்தால் வாடிவிடும். எலி சோர்ந்துபோய், சர்க்கரைத் தண்ணீரைக்கூடச் சீண்டாது. மனச்சோர்வு!

“டென்ஷன் குடுத்த எலிக்குச் சுருங்கத்தான செய்யும்?”

“இது அந்த குரூப் இல்ல அக்கா! கம்பேர் பண்ண சும்மா விட்டு வெச்ச குரூப். சுகவாசிங்க! மூணு வாரமா தனி ரூம்ல ராஜபோகம்!”

அப்படியானால்... யாரோ அவற்றை ரகசியமாக வதைத்திருக்கிறார்கள்!

வாசலில் பேராசிரியர் பிச்சுமணி. முகம் கடுகடு.

“ரெண்டு குரூப்பும் ஒரே மாதிரி இருந்தா எதை எதோட கம்பேர் பண்றது? மூணு மணிக்குள்ள காரணம் சொல்லு தாமரை. இல்லேன்னா ப்ராஜெக்டை க்ளோஸ் பண்ணிடுவேன்!”

ப்ராஜெக்ட் போனால் வேலை போச்சு. வேலை போனால் விசா!

அவர் போனதும் தாமரை பல்லைக் கடித்தாள்.

“பக்கத்து லேப் ஆட்ரியன்தான்! எனக்கு ஃபண்டிங் கிடைச்சதுல பொறாமை!”

“அந்தப் பையன் ஒரு மாசமா கலிபோர்னியாவுல இருக்கான். சும்மா பழி போடாதிய.”

அல்போன்சா கணினியைத் தட்டினாள். எலி அறையை யாருடைய கார்டு திறந்தது, உள்ளே எவ்வளவு சத்தம்... எல்லாமே அதில் பதிவாகும்.

“தினம் பன்னெண்டுலேருந்து ஒரு மணி வரைக்கும் சத்தம் எகிறுது. சனி, ஞாயிறு மட்டும் லீவு.”

“யாரு கார்டு? சொல்லுங்க! கேஸ் போடறேன்!”

அல்போன்சா கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்தாள்.

“ஒங்க கார்டு.”

தாமரை கணினியை எட்டிப் பார்த்தாள்.

“நா... நானா? நான் அதுங்களைத் தொட்டதுகூட இல்ல! போன்தான் பேசினேன்...”

“யாருகிட்ட?”

“டெக்சாஸ்ல இருக்கற என் புருஷன்கிட்ட. அங்கே ரவுண்ட் ராக் ஊர்ல பாக்கற வேலையை அவர் விடறதா, இந்த வேலையை நான் விடறதான்னு... லைட்டா ஒரு டிஸ்கஷன்.”

“லைட்டாவா? சத்தக் கோடு உச்சியத் தொடுது! ஸ்பீக்கர்ல போட்டியளா?”

“கையில க்ளவுஸ், மூஞ்சில மாஸ்க்... காதுல எப்படி வெக்கறது? ஒருத்தரும் இல்லாத இடம்னுதான் அங்கே போனேன் அக்கா!”

“ஒருத்தரும் இல்லையா? இருபத்தி நாலு பேரு இருந்தாவ!”

மூன்று மணி. தாமரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, தலைகுனிந்து நின்றாள்.

“கூண்டை ஆட்டல?” பிச்சுமணி கேட்டார்.

“இல்ல சார்.”

“பட்டினி போடல?”

“இல்ல சார்...”

“வெறும் சண்டையைக் கேட்டே செல் சுருங்கியிருக்கா?!”

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் பிச்சுமணி!

“பழைய எக்ஸ்பெரிமெண்ட் குப்பைக்குப் போகட்டும். இதைப் புதுசா, ஒழுங்கா செஞ்சு நிரூபி! ஆறு மாசம் டைம்!”

தாமரை பார்க்கிங்குக்கு ஓடினாள். சுற்றிலும் எந்த உயிரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கணவன் மதனை அழைத்து மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

மறுமுனையில் மதன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“நம்ம சண்டையைக் கேட்டு... எலிக்கு டிப்ரஷனா?”

“ஆமாங்க...”

“அப்ப ரிசர்ச் பேப்பர்ல என் பேரையும் போட்டுடு தாமரை. பாதிக் கத்தல் என்னோடது!”