கயிற்றின் நுனி

படகு ஸ்கார்வன் பாறைத்தீவின் மறைவுக்குள் வந்ததும் தோர்கெய்ர் எஞ்சினை அணைத்தான். நவம்பர் மாதத்து முற்பகல். வெளிச்சம் என்று பேருக்கு ஒரு சாம்பல் நிறம் இருந்தது. டீசல் வாடையோடு பாசி வாடையும் கலந்து மூக்கில் ஏறியது. படகின் அடியில் கெல்ப் காடு. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த பழுப்புப் பாசி, அலை வரும்போது சாய்ந்து, போகும்போது நிமிர்ந்துகொண்டிருந்தது.

"இங்கயா? வேற இடமே கிடைக்கலையா உனக்கு?" என்றான்.

"சிப்பி இங்கதான் பெருசா இருக்குன்னு நீதானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவே," என்றாள் குன்வோர். "ஏன், பயமா?"

"பயமா, எனக்கா? நீ மொதல்ல கயித்தை ஒழுங்காப் பிடி. காபியைக் குடிச்சிட்டுத் தூங்கிடாதே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

போன நவம்பரில் இதே இடத்தில்தான் அவள் கணவன் ஆஸ்பியோர்னும் இவனும் விசிறிச் சிப்பி எடுக்க இறங்கினார்கள். கெல்ப் காட்டுக்குள் பக்கத்தில் இருக்கிற ஆள் தெரியமாட்டான். அதனால் இந்தப் பக்கம் ஜோடியாக இறங்குகிறவர்கள் ஒரே கயிற்றின் இரு முனைகளில் தங்களைக் கட்டிக்கொள்வார்கள். ஒரு இழுப்பு என்றால் நலமா. நான்கு இழுப்பு என்றால் காப்பாற்று. அன்று மேலே வந்தது இவன் ஒருவன்தான். பாறையில் உரசிக் கயிறு அறுந்துபோனதாகச் சொல்லி அவள் காலடியில் உட்கார்ந்து அழுதான். உடல் கிடைக்கவில்லை. ஊரே இவனுக்கு ஆறுதல் சொன்னது. மீன் சூப் வைத்துக் கொடுத்துக் குன்வோரும்தான் சொன்னாள்.

போன வாரம் படகுக் கொட்டகையில் எதையோ தேடும்போது, அன்று இவன் இடுப்பில் மிஞ்சி வந்த அந்தக் கயிறு கையில் அகப்பட்டது. நுனியில் ஒரு பிசிர் இல்லை. கத்தி போட்டு அறுத்த நுனி.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. உண்மை இவன் வாயிலிருந்தே வர வேண்டும், அதுவும் இந்த இடத்தில் வர வேண்டும். சிப்பி எடுத்துவிட்டு இவன் ஏணியைப் பிடித்ததும் அந்த நுனியைக் காட்டிக் கேட்பது. சொல்லும்வரை படகில் ஏற விடாமல் இருப்பது. மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும். அவள் திட்டம் அவ்வளவுதான்.

முதுகில் காற்று உருளையும் இடுப்பில் கயிறுமாகத் தோர்கெய்ர் இறங்கினான். மறுமுனை அவள் கையில்.

பத்து நிமிடம் போனது. கயிறு ஒருமுறை இழுபட்டது. அவளும் ஒருமுறை இழுத்தாள்.

உடனே இன்னொன்று. மீண்டும் இன்னொன்று. ஒரே கேள்வியை யாரும் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை.

குமிழிகள் எங்கே என்று பார்த்தாள். படகுக்கு இடப்பக்கம் வந்துகொண்டிருந்தன.

கயிறு வலப்பக்கம் போயிருந்தது.

காற்று நின்றுவிட்டது. தண்ணீர் தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. அடியில் கெல்ப் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நான்கு இழுப்பு.

திட்டமெல்லாம் மறந்து அவள் கைகள் தாமாகவே கயிற்றை ஏற்றின. கனத்தது. ஒரு ஆளின் கனம் அவளுக்குத் தெரியும். இது ஒரு ஆள் இல்லை.

தோர்கெய்ர் வாய்க்குழாயைத் துப்பிக்கொண்டு மேலே வந்து ஏணியைக் கட்டிப்பிடித்தான்.

"தூக்கு குன்வோர்! கீழ பிடிச்சிருக்கான்!"

"யாரு?"

"அவன்தான்... நான்தான் அறுத்தேன், போதுமா! அவனுக்குக் காத்து தீர்ந்துபோச்சு. என்கிட்டயும் கொஞ்சம்தான் இருந்துச்சு. நாலு தடவை இழுத்தான். அறுத்துட்டேன். அதான் சொல்லிட்டேன்ல, தூக்கு!"

கேட்டதும் மனசு ஆறும் என்றுதான் ஒரு வாரமாக நினைத்திருந்தாள். ஆறவில்லை. முன்பைவிட அதிகமாக எரிந்தது.

குனிந்து தண்ணீருக்குள் பார்த்தாள். அவன் காலைச் சுற்றிக் கெல்ப் இலைகள். இலைகளுக்கு நடுவே, கணுக்காலில், ஒரு வெளுத்த கை. சுண்டுவிரலில் பாதி இல்லை.

வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கிப் போன விரல் அது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம். கட்டுப் போட்டுவிட்டவள் அவள்தான்.

கை இழுக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தது. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பாக்குறே? கத்தியை எடு! அறு! அறுத்து விடு!"

குன்வோர் கத்தியை எடுத்தாள்.

அறுத்தாள்.

கயிற்றை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கை இழுத்தது. ஏணியிலிருந்து தோர்கெய்ரின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கூப்பிட வாய் திறந்தான், தண்ணீர் உள்ளே போனது. குமிழிகள் கொஞ்ச நேரம் வந்தன. பிறகு நின்றன.

அவள் பலகையில் உட்கார்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

படகு ஏணிப் பக்கமாகச் சாய்ந்தது.

யாரோ ஏறுவதுபோல ஏணிப் படிகள் ஒவ்வொன்றாக முனகின. பாசி வாடை. தளத்தில் ஈரம் சொட்டும் சத்தம் அவளை நோக்கி வந்தது. பக்கத்துப் பலகை அழுந்தியது. குளிர் அவள் தோளோடு ஒட்டி உட்கார்ந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"வந்துட்டியா," என்றாள் மெல்ல. "வா, வீட்டுக்குப் போகலாம்."

எஞ்சின் சாவியைத் தொட்டாள்.

படகு இன்னொரு முறை ஏணிப் பக்கமாகச் சாய்ந்தது. இந்த முறை படிகளில் ஒரு கயிற்று நுனி உரசும் சத்தமும் கேட்டது.