ரவாவின் நான்காம் நிலை

"மனிதன் இனித் தன் உடலைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. வாய்மையின் யுகம் பிறந்துவிட்டது!" என்று மேடைக்கு மேடை முழங்குவார் கவினேசன். அந்த யுகம் பிறந்த இடம் கழிப்பறை.

அவர் கண்டுபிடித்த 'நீர்ச்சான்று'ப் பீடம் கோவையில் எல்லா வீட்டிலும் கட்டாயமாகியிருந்தது. யார் போனாலும் உப்பு, சர்க்கரை, சாராயம் மூன்றையும் அளந்து, கூடத்துச் சுவரிலிருந்து உரக்கச் சொல்லும். மாமியார் வீட்டுக்குப் போகிற மருமகன்கள் அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

அடுத்து வந்தது பூனைகளுக்கான நீர்ச்சான்று மணல்தட்டு. சிறுநீரின் அடர்த்தியையும் புரதத்தையும் பார்த்து, சிறுநீரக நோய் எந்த நிலை என்று அறிவிக்கும். நான்காம் நிலை, அதாவது கடைசி நிலை என்றால் கருணை ஊசி வண்டியையும் தானே அழைத்துவிடும். முதல் தட்டு கவினேசன் வீட்டுப் பால்கனியில், கருவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. மனைவி தன்ஷிகாவின் செல்லப்பூனை ரவாவுக்காக.

வைத்த வாரமே, "ரவா. மூன்றாம் நிலை" என்றது சுவர். ரவாவுக்கு மீன் நின்றது. சாம்பல் நிற மருந்துக்கூழ் வந்தது. ரவா அதை முகர்ந்துவிட்டு, மண் தள்ளி மூடுவது போலச் சுற்றிலும் தரையைப் பிறாண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுவர் மறுபடி பேசியது. "ரவா. நான்காம் நிலை. வண்டி புறப்பட்டுவிட்டது."

தன்ஷிகாவின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. "ஏனுங்க! நேத்து பீரோ மேல தாவுன பூனைங்க இது!"

"மெஷின் பொய் சொல்லாது தன்ஷி. மனசத் தேத்திக்கோ" என்றார் கவினேசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் ஓடிப்போய் மேல்மாடிக் கால்நடை மருத்துவர் ஷப்னத்தை இழுத்து வந்தாள். ஷப்னம் ரவாவின் காலில் ரத்தம் எடுத்தாள். அடிவயிற்றில் மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீரும் எடுத்தாள். கையடக்க அளவி இரண்டையும் ருசி பார்த்தது.

"மூத்திரத்த மட்டும் பாத்து எப்படிக்கா நிலை சொல்றது? ரத்தத்துல கிரியேட்டினின் பாக்கணும், கொஞ்ச நாள் விட்டு மறுபடி பாக்கணும், பிரஷர் பாக்கணும். இவனுக்கு ரத்தம் நல்லாருக்கு. மூத்திரமும் பாகு மாதிரி கெட்டி. பூனைக்கு அப்படித்தான் இருக்கணும்."

"அப்போ தட்டுல இருக்கறது?"

தட்டின் அடிக்கிண்ணம் நிரம்பி வழிந்தது. ஷப்னம் அதில் ஒரு சொட்டு எடுத்தாள். "வெறும் தண்ணி. புரதம் வேற ஒழுகுது." அளவியை உற்றுப் பார்த்தாள். "அக்கா, ரவா பிராந்தி குடிப்பானா?"

கவினேசன் மின்விசிறியைப் பார்த்தார்.

வாசல் மணி அடித்தது. வெள்ளைக் கையுறை ஊழியர் பெட்டியோடு நின்றார். "பூனையக் குடுங்க."

"நான் டாக்டர் சொல்றேன். இதுக்கு நோயே இல்ல!"

"நீங்க சொல்லி நிறுத்த முடியாதுங்க மேடம். தட்டுல விழுந்தது வேற ஆளோடதுன்னா, அந்த ஆளே சுவருக்கு முன்னாடி வாயால சொல்லணும். சார் போட்ட விதிதானுங்க."

பெட்டி திறந்தது. எந்தப் பெட்டியைக் கண்டாலும் ஏறி உட்காரும் ரவா, இதிலும் ஏறி உட்கார்ந்தது.

"ஏனுங்க..." தன்ஷிகா அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

கவினேசன் சுவரை நெருங்கினார். "அது என்னோடது."

"உரக்கச் சொல்லவும்" என்றது சுவர்.

"என்னோடதுதானுங்க!"

"திருத்தப்பட்டது. கவினேசன். நான்காம் நிலை. வண்டி வாசலில் நிற்கிறது."

ஊழியர் பெட்டியைப் பார்த்தார். கவினேசனைப் பார்த்தார்.

"பதறாதீங்க சார், அது பூனைக் கணக்கு" என்று ஷப்னம் ரவாவைத் தூக்கிக்கொண்டாள். "ஆனா புரதம் நெசம். நாளைக்கே மனுச டாக்டர்கிட்ட ரத்தம் குடுங்க."

தன்ஷிகா பால்கனிப் பக்கம் திரும்பி அந்தத் தட்டைப் பார்த்தாள். "ஏனுங்க, இந்தத் தட்டு வர்றதுக்கு முன்னாடி எங்க போனீங்க?"

கருவேப்பிலைத் தொட்டியில்.