குப்புறப் படுத்தவனுக்குக் கீழே

கரண்ட் போன பிறகும் மெத்தை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஸ்வர்ணலதா அப்போது சமையலறையில் கணவனுக்கான கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கத்திரி வெயில் கொளுத்தும் மதியம். தெருவில் ஷேர் ஆட்டோக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூப்பிடும் சத்தமும், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தாயார் கோயிலுக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தமும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது. முன்னறைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டியிருந்த காற்று பம்ப்பின் கிர்ரென்ற ஓசையும் அறுந்தது. அவள் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினாள். கரண்ட் போனால் பம்ப்பிலிருந்து மெத்தைக்குப் போகும் குழாய்களைக் கழற்றி மூடி போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் காற்று வற்றி உடம்பு பலகையில் அழுந்தும் என்று மெத்தைக் கடைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். மூடி போட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த மெத்தை முழுக்கக் குறுக்குவாட்டில் நீள நீளமான காற்றுப்பைகள். பம்ப் ஓடும்போது ஒன்றுவிட்டு ஒன்று உப்பும், மற்றவை வற்றும். அதுவும் பார்த்துக்கொண்டே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத மெதுவில். உடம்பின் எந்த இடமும் அதிக நேரம் அழுந்திப் புண்ணாகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இப்போது பம்ப் செத்துக் கிடந்தது. குழாய்கள் மூடியிருந்தன. ஆனால் எல்லாப் பைகளும் ஒன்றாக உப்பின. ஒன்றாக இறங்கின. தூங்குகிற மனுஷன் மூச்சு விடுகிற வேகத்தில்.

மேலே படுத்திருக்கிறவர் மூச்சு விட்டால் மெத்தை அசையத்தானே செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கணவனின் தோள்பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அவன் மூச்சை விட்டு முதுகு தாழும்போதெல்லாம் மெத்தை மேலே வந்தது. அவன் விட்டதை அது இழுத்துக்கொள்வது போல.

செங்கல்வராயன் சித்தூர் பக்கம் மாம்பழ லோடு ஓட்டியவன். போன வருஷ சீசனில் வண்டி கவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. மல்லாந்தே கிடந்ததில் முதுகின் அடியிலும் இரண்டு இடுப்பிலும் படுக்கைப் புண் வந்து எலும்பு தெரிகிற அளவுக்குக் குழி விழுந்தது. திருப்பதியில் ஆபரேஷன் செய்து, சதையை இழுத்து மூடித் தைத்திருந்தார்கள். தையல் ஒட்டும்வரை மல்லாக்கவும் கூடாது, ஒருக்களித்தும் கூடாது, குப்புறத்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். ஒரு தடவை பிரிந்துவிட்டால் மறுபடி மூடுவதற்குச் சதையில்லை.

அதனால்தான் இந்த மெத்தையை வாடகைக்கு எடுத்தாள். தலைமாட்டில் முகம் பதிகிற அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை. கொழுந்தன் கிஷோர் தச்சனைக் கூட்டிவந்து கட்டில் பலகையிலும் அதே இடத்தில் ஓட்டை போட்டு, கட்டில் கால்களுக்கு ஹாலோ பிளாக் கல் வைத்து உயர்த்திக் கொடுத்தான். ஓட்டைக்குக் கீழே ஒரு ஸ்டூல், அதன்மேல் போன். செங்கல்வராயன் நாளெல்லாம் கீழே பார்த்தபடி கிரிக்கெட்டும் தெலுங்கு காமெடியும் பார்ப்பான். அவள் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி கொடுப்பாள்.

அவனை ஏதாவது ஹோமில் விட்டுவிடச் சொல்லி நகரியிலிருந்து சொந்தக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் போன் செய்தார்கள். பிள்ளையும் இல்லை, வயசும் இருக்கிறது, எதற்கு இந்தத் தலைவிதி என்றார்கள். அவன் அவளுடைய சொந்த அத்தை மகன். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு மாமா. ஸ்வர்ணலதா அந்த நம்பர்களை ஒவ்வொன்றாக பிளாக் செய்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தில் இருக்கட்டுமென்று திருச்சானூரில் இந்தப் பின்பக்கத்து வீட்டைப் பிடித்தாள்.

அன்று கஞ்சியோடு கட்டிலுக்கடியில் நுழைந்தபோது அவன் சாதாரணமாக, தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னான்.

"அந்த ஸ்டூலை எடுத்துடு லதா. அவர் நெஞ்சு மேல வச்சிருக்க."

"யார் நெஞ்சு மேல மாமா?"

"கீழ படுத்துக்கினு இருக்காரே, அவரு."

அவள் பார்த்தாள். பச்சை டைல்ஸ். ஸ்டூல். போன். காலையில் பினாயில் போட்டுத் துடைத்த தரை. ஜுரத்தில் உளறுகிறானோ என்று கழுத்தில் கை வைத்தாள், உடம்பு சுடவில்லை. கையைத் தரையில் ஊன்றி எழப் போனவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். தரை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் படுகிற இடமில்லை அது. உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டே போனாள். இந்தப் பக்கம் சில்லென்றிருந்தது. அந்தப் பக்கமும் சில்லென்றிருந்தது. நடுவில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு, ஓர் ஆள் நீளத்துக்கு, இப்போதுதான் யாரோ எழுந்து போன பாய் போல அந்தச் சூடு. அதன் தலைப்பக்கம் நேராக ஓட்டைக்குக் கீழே முடிந்தது.

இன்னும் எழுந்து போகவில்லையோ என்று தோன்றியது. ஸ்டூலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் கிஷோரை அண்ணனுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு மெத்தைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கோபிகிருஷ்ணன், காற்று உள்ளுக்குள் இடம் மாறினால் அப்படித்தான் அசையும் என்று முதலில் சிரித்து மழுப்பினார். இதற்கு முன்னால் இதில் படுத்திருந்தது யார் என்று அவள் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சூளூர்பேட்டைக்காரர் ஒருவர், உங்கள் வீட்டுக்காரர் மாதிரியே குப்புறப் படுத்திருந்தவர் என்றார். வீட்டிலிருந்தவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு ஏதோ கல்யாணத்துக்குப் போய் நாள் கணக்கில் தங்கிவிட்டிருக்கிறார்கள். கரண்ட் போயிருக்கிறது. அவர்கள் திரும்பி வந்தபோது ஆளுக்கு உயிர் இல்லை.

மெத்தையை எடுத்துவரப் போனது அவரேதான். காற்று துளிகூடக் குறையாமல் கிண்ணென்று இருந்ததாம். வால்வைத் திறந்துவிட்டிருக்கிறார். நிமிஷத்தில் இறங்கிவிட வேண்டியது, அரை நாளாகியும் இறங்கவில்லை.

"காத்து வந்துகினே இருந்திச்சிம்மா," என்றார் கோபிகிருஷ்ணன், குரலைத் தாழ்த்தி. "ரப்பர் வாசனை இல்ல அது. பட்டினி கெடந்தவன் வாய் வாசனை. டெட்டால் போட்டு எத்தினி தடவ கழுவனேன் தெரியுமா."

அதைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி தெலுங்கும் தமிழுமாகக் கெஞ்சாத குறையாகச் சொன்னார். முகத்துக்கு ஓட்டை வைத்த மெத்தை வேறு இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, சென்னையிலிருந்து வர நாளாகும். அதுவரை வீட்டுக்காரரை எதில் படுக்கவைப்பது என்று கேட்டாள். கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். ஸ்வர்ணலதா ஆட்டோ ஏறினாள்.

வீட்டுக்கு வந்தபோது கிஷோர் உள்ளே இல்லை. வெயிலில், தெருவோரம், செருப்புகூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறான் என்றான். அது கூடப் பரவாயில்லை. நடுநடுவே, பதிலைக் கேட்டுக்கொள்கிறவன் போல நிறுத்துகிறான். உடனே ஆளைக் கூட்டி அவனைத் தூக்கி ஹோமில் சேர்த்துவிடலாம், மெத்தையை ரோட்டில் போட்டுக் கொளுத்தலாம் என்றான்.

"தையல் விட்டா மூடறதுக்குச் சதை இல்ல கிஷோரு," என்றாள் அவள். "அவரை நான் எறக்க மாட்டேன். எறங்கறதா இருந்தா அது எறங்கட்டும்."

கிஷோர் அதற்குப் பிறகு வாசற்படி தாண்டி வரவில்லை.

நாள் போகப் போகப் புண் நன்றாக ஆறியது. ஆள்தான் வற்றினான். உதடு நீலம் பூத்தது. இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து மெஷினோடு ஆள் வந்து படமெடுத்துப் பார்த்து நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அவளுக்குத் தெரியும். மதியத்தில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஓசைக்கு அடியில் இன்னொரு ஓசை கேட்க ஆரம்பித்திருந்தது. உள்ளே இழுக்கிற ஓசை. வெளியே விடுகிற ஓசை அதற்கு இல்லை.

ஒருநாள் அவன் காதோரம் குனிந்து, அவர் என்ன செய்கிறார் என்று கேட்டாள்.

"மொதல்ல தரையில கெடந்தாரு," என்றான் செங்கல்வராயன். "இப்ப மேல வந்துட்டாரு. மூஞ்சிக்குக் கிட்ட. நான் விடற மூச்சை வாங்கிக்கறாரு லதா. பாவம், துன்னாம கெடந்தவன் மாதிரி வாங்கிக்கறாரு."

அவளுக்கு வந்தது பயம்தான். ஆனால் அந்தப் 'பாவம்' என்ற வார்த்தை அதற்கும் மேலே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலுக்கடியில் நுழைந்தாள். அந்தச் சூட்டின் மேலேயே, ஓட்டைக்கு நேர் கீழே, மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

தலைக்கு மேலே வட்டத்துக்குள் அவன் முகம். ரத்தம் இறங்கி வீங்கிய கன்னங்கள். மூக்கு நுனியில் தொங்கிய வியர்வை அவள் நெற்றியில் விழுந்தது.

"எங்க மாமா அவரு?"

அவன் கண்கள் அவள் முகத்தைத் தேடிப் பிடித்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தான். காணோம், நீதான் இருக்கிறாய் என்றான்.

அன்றிலிருந்து அதுவே அவள் வேலையானது. சமையலும் துவைப்பதும் முடிந்ததும் கீழே போய்ப் படுத்துக்கொள்வாள். நகரியில் அப்பாவின் தறிக் கொட்டகைக்கு நூல் மூட்டை இறக்க வந்தபோது அவன் அவளைப் பார்த்துக்கொண்டே நடந்து கதவு நிலையில் இடித்துக்கொண்டதைச் சொல்லிச் சிரிக்கவைப்பாள். நடுநடுவே கட்டிலின் இருட்டு மூலையைப் பார்த்து, இங்கே இடமில்லை, வேறு இடம் பார்த்துக்கொள் என்று அதட்டுவாள். அவன் உதட்டில் சிவப்பு திரும்பியது. இரண்டாவது டம்ளர் கஞ்சி கேட்டான். மறுநாள் காலை தையல் பிரித்துத் திருப்பிப் படுக்கவைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் புழுதிக்காற்று கிளம்பியது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன, எங்கோ தகரம் பறந்து விழுந்தது, கோயில் பக்கத்து ஸ்பீக்கர் பாதிப் பாட்டில் நின்றது. கரண்ட் போனது. அவள் தடவித் தடவிக் குழாய்களுக்கு மூடி போட்டுவிட்டு, அவசரமாகக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தாள்.

செங்கல்வராயன் அவளைப் பார்க்கவில்லை.

கீழேதான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவள் முகத்தை அல்ல. அதைவிடக் கிட்டத்தில் எதையோ.

"மாமா, என்னைப் பாரு."

"நீ எங்க இருக்க லதா? மறைக்குது."

முதலில் கணுக்காலில்தான் பட்டது. பிறகு முழங்காலில். தொடையில். யாரோ தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாமல் பக்கத்தில் சாய்கிற மாதிரி, அவ்வளவு பதமாக, ஓர் ஆளின் கனம் அவள் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டெட்டால் வாசனை. அதற்கடியில் பட்டினி வாசனை. அவள் உதட்டின்மேல் ஈரமான தலைமயிர் வந்து படிந்தது.

மேலே மெத்தை உப்பியது. அவன் விக்கினான்.

உருண்டு வெளியே போய்விடலாம். ஒரு புரளல்தான். வாசல் திறந்தே இருந்தது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

அவள் உருளவில்லை. இரண்டு கைகளையும் தூக்கினாள். காற்றில் வைத்தாள். காற்று இல்லை அங்கே. விலா எலும்பு. எலும்பு எலும்பாக விலா. சுற்றி வளைத்தாள். விரல்களைக் கோத்தாள். இறுக்கினாள்.

"இவர் மூச்சு உனக்கில்ல," என்றாள்.

அது திமிறியது. அவள் விடவில்லை. கால்களையும் போட்டுப் பின்னிக்கொண்டாள். எலும்பு நெரிந்தது. அவளுடையதா, அதனுடையதா, தெரியவில்லை. விடவில்லை.

மெத்தை நின்றது.

மேலே வட்டத்துக்குள் அவன் ஒரு மூச்சை இழுத்தான். நீளமாக. நெஞ்சு நிறைய. இன்னொன்று. அவன் கண்கள் தெளிந்தன. அவள் பக்கம் நகர்ந்தன. நடுவில் நின்றன.

"லதா," என்றான். "அவர் திரும்பறாரு."

உதட்டின்மேல் கிடந்த மயிர் மெல்ல நகர்ந்தது. காது வந்தது. குளிர்ந்த காது. பிறகு கன்னம். தாடி முள். அவள் கண்ணை மூடவில்லை. கோத்த விரல்களைத் தளர்த்தவில்லை. இன்னும் இறுக்கினாள். கன்னமும் நகர்ந்தது. அவள் வாய்க்கு நேராக ஒரு வாய் வந்து நின்றது. திறந்தபடி.