சுவருக்குள்ளிருந்து வந்த அரிசி

அன்று காலை உருத்திரமூர்த்தியின் மனத்தை உறுத்தியது, எறும்புகள் சென்ற திசை. விறாந்தைச் சுவரின் அடியில் பூச்சு வெடித்து மயிரிழை போல் ஓடியிருந்த கீறலிலிருந்து அவை ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒவ்வொன்றும் தன்னைவிடப் பெரிதான ஒரு வெள்ளை அரிசியைத் தூக்கிப் பிடித்திருந்தது. புதிய சீமெந்துத் தரையைக் குறுக்கே கடந்து, வாசற்படியின் ஓரத்தில் அதை இறக்கி வைத்துவிட்டு, வெறும் வாயோடு அவை மீண்டும் சுவருக்குள் சென்றன.

சமையலறையில் அரிசிப் பெட்டி இறுக மூடியபடியே இருந்தது. அதில் இருந்ததோ யாழ்ப்பாணத்திலிருந்து வருவித்த சிவப்புக் குத்தரிசி. இது பச்சையரிசி. அவர் சற்றுத் தயங்கி, ஒரு மணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். மஞ்சளும் ஈர மண்ணும் கலந்த வாசனை. அதற்கும் அடியில், வாடிய மாலையிலிருந்து எழுவது போன்ற ஓர் இனிப்பு.

உக்குவளையில், புகையிரதப் பாதைக்கு மேலுள்ள சரிவில் அவரும் மனைவியும் குடிபுகுந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. முப்பது ஆண்டுகள் மாத்தளையின் மலைகளை அளந்து ஓய்வுபெற்ற நில அளவையாளர் அவர். தமது வீடு ஒழுங்காகக் கட்டப்படவில்லை என்பதை வாய்விட்டு ஒப்புக்கொள்ள அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆணி அறைந்தால் பூச்சு கையகலத்துக்கு உதிர்ந்தது. கூடத்துத் தரையில் நடந்தால் சில இடங்களில் பானையைத் தட்டுவது போல் ஒலித்தது. ஒவ்வொரு ரயிலும் கடந்து சென்ற பின், சுவர்கள் நெடுநேரம் மெல்லத் தூசு சொரிந்தன.

"இஞ்சாருங்கோ, இதைக் கூட்டி அள்ளவோ?" என்று அவருடைய மனைவி தங்கேஸ்வரி தும்புத்தடியோடு வந்து கேட்டார். அள்ளிய அரிசியை அவர் குப்பையில் போடவில்லை. வெறும் பால்மா டின் ஒன்றில் இட்டு மூடினார்.

"எறும்பின்ர எச்சிலையோ சமைக்கப் போறீர்?"

"சமைக்கிறதுக்கில்லை. அரிசியெல்லே, வீசினால் பாவம். கிடக்கட்டும்."

உருத்திரமூர்த்தி எறும்பு மருந்து தூவினார். மண்ணெண்ணெய் ஊற்றினார். கீறலைச் சீமெந்தால் அடைத்தார். மறுநாள் வேறொரு சுவரில் வேறொரு கீறல் வாய் திறந்திருந்தது. வாசற்படியில் அதே வெள்ளைக் குவியல்.

ஐந்தாம் நாள் வீட்டைக் கட்டிய மேசன் மாடசாமியை வரவழைத்தார். மாடசாமி சாந்துக் கரண்டியின் பிடியால் சுவரை இரண்டு முறை தட்டினார். மூன்றாவது தட்டுக்கு அவசியம் இருக்கவில்லை; பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது. பூச்சின் உட்புறம் முழுவதும் செம்மண்ணாக இருந்தது. அந்த மண்ணில் சல்லி வேர்களும், வேர்களுக்கிடையே வெள்ளை வெள்ளையாக அரிசியும். மாடசாமி தொப்பியைக் கழற்றினார். முற்றத்தில் இறங்கி நின்றுகொண்டார்.

"என்ன, பாம்பைக் கண்டமாதிரி நிக்கிறாய்?"

"வாய்க்கரிசிங்க ஐயா," என்றார் மாடசாமி. "அன்னைக்கே சொன்னேனுங்களே, அந்த மேட்டுல எங்க ஆளுங்கள பொதைச்சிருக்கு, மண்ண எடுக்க வேணாம்னு. நீங்கதான் மேப்ப விரிச்சுக் காட்டுனீங்க."

காட்டியது உண்மைதான். தரைக்கு நிரப்ப மண் போதவில்லை. மழையில் லொறி ஏறவும் மறுத்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டை அவர் ஒரே பகலில் இயந்திரத்தால் வழிக்கச் செய்தார். அங்கே கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஆளுயர இடைவெளிவிட்டுக் குரோட்டன் செடிகள் மட்டும் வரிசையாக நின்றன. மாடசாமி சொன்ன பிறகும், யாரோ கைவிட்டுப்போன தோட்டத்தின் வேலி என்றே அவர் எண்ணிக்கொண்டார். அவருடைய ஊரில் இறந்தவர்கள் தீக்குள் சென்றார்கள். சாம்பல் கடலுக்குச் சென்றது. இறந்தவரின் வாயில் அரிசியிட்டு மண்ணுக்குள் கிடத்தி, தலைமாட்டில் ஒரு செடியை நட்டு, அதன் இலையின் நிறத்தைக் கொண்டே அவரை அடையாளம் காண்கிறவர்கள் தாம் அளந்த தோட்டங்களில் வாழ்கிறார்கள் என்பதை, முப்பது ஆண்டுகளில் அவர் யாரிடமும் கேட்டறிந்ததில்லை. வரைபடத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை. அந்த மண் தரைக்கு அடியில் சென்றது. எஞ்சியதை மணலுக்குப் பதிலாகப் பூச்சில் கலக்கச் சொன்னார்.

மேட்டை வழித்த அன்று மண்ணோடு ஒரு கண்ணாடி வளையல் துண்டும் வந்தது. பச்சை நிறம். யாரும் காணுமுன் அதை அவர் தமது செருப்புக் குதியால் அழுத்திப் புதைத்தார். அதை மட்டும் மாடசாமி அறிந்திருக்கவில்லை.

வாசலில் ஒரு பெண்மணி வந்து நிற்பதை அவர்கள் அப்போதுதான் கவனித்தார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான மேல் லயத்து நல்லம்மா. கொழுந்துக் கூடையின் கயிறு இன்னும் அவர் நெற்றியிலேயே இருந்தது.

"எம் மகள எங்க போட்டீங்க ஐயா?" குரல் உயரவே இல்லை. "செவப்புக் குரோட்டனுக்குக் கீழ இருந்தா. பதினேழு வயசு. தரையில இருக்காளா, செவுத்துல இருக்காளா? அத மட்டும் சொல்லிருங்க."

உருத்திரமூர்த்தியின் குதிகால் கூசியது.

"தரையத் தொறந்து மண்ண அள்ளித் திருப்பிப் போட்டுருவோங்க," என்றார் மாடசாமி. "நாங்களே செஞ்சு, நாங்களே பூசித் தாறோம். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால், அன்று அறிந்தே செய்தேன் என்றாகிவிடும்.

"எறும்புக்குப் பயந்து புது வீட்டை உடைக்கச் சொல்லுறியோ? இது நான் அளந்த காணி. இதுக்குள்ள ஒருத்தரும் இல்லை. போ, போய் வேலையைப் பார்."

நல்லம்மா குனிந்தார். பெயர்ந்து கிடந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி, வீட்டை நோக்கி வாரித் தூற்றினார். மீண்டும் ஒரு பிடி. மீண்டும் ஒன்று. மூன்றாவது பிடியில் ஒரு துளி உருத்திரமூர்த்தியின் நெற்றி நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

"எம் புள்ள வாயில நான் போட்டத வெளிய எடுக்க வச்சிட்டீங்க. அது ஒங்க வாய்க்கே வரட்டும்."

அதன் பின் அவர் திரும்பிப் பாராமல் மேட்டுப் பாதையில் ஏறிச் சென்றார். மாடசாமியும் தமது கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எறும்புகள் வெளியே வரவில்லை. அது உருத்திரமூர்த்திக்கு முதலில் ஆறுதலாகவே இருந்தது. பிறகு, சுவரில் சாய்ந்தபோது உள்ளே கேட்டது: காய்ந்த இலைகளின் மேல் மிகப் பலர் வெறுங்காலோடு மெதுவாக நடப்பது போன்ற ஓசை. நெற்றியை மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். ஆயினும் அங்கே ஏதோ ஒட்டியிருப்பது போன்ற பாரம் விலகவில்லை. ஒரு நாணயத்தின் அளவு, ஒரு நாணயத்தின் குளிர்ச்சி.

தங்கேஸ்வரி பால்மா டின்னை மடியில் வைத்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பிள்ளையின்ர பேரைக் கேட்டனீங்களோ?"

"தேவையில்லை."

"எனக்குத் தெரியும்," என்றார் தங்கேஸ்வரி. பெயரைச் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்றும் சொல்லவில்லை.

நல்லம்மா வந்துபோன மூன்றாம் நாள் பிற்பகலில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, மின்சாரமும் நின்றது. கூடத்தின் நடுவே சாய்மனைக் கதிரையில் அவர் கண்ணயர்ந்திருந்தார். கூரைத் தகட்டில் மழை இரைந்துகொண்டிருக்க, ஈரச் சீமெந்தின் வாடையினூடே அந்த மஞ்சளும் வாடிய பூவும் மெல்ல மெல்ல மேலெழுந்து, கடைசியில் அதைத் தவிர வேறு வாசனையே அறைக்குள் இல்லாமற்போயிற்று. நாலு மணி ரயில் கடந்தது. சுவர்கள் தூசு சொரிந்தன. ரயிலின் ஓசை தேய்ந்த பின்னும் தரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் கண் விழித்தார்.

கதிரையைச் சுற்றித் தரையில் ஒரு கீறல். நேர்கோடு. மூலைகள் நான்கும் செங்கோணம். தமது வாழ்நாளில் அத்தனை துல்லியமாக அவரே அளந்ததில்லை. ஆறடி நீளம். இரண்டரை அடி அகலம். அதன் உள்ளே தரை ஒரு சாண் இறங்கியிருந்தது. அடியில் மண்ணே இல்லை. சுவருக்குள் நடந்தவை அதை அள்ளிச் சென்றிருந்தன.

எழ முயன்றார். கால்கள் பிரியவில்லை.

குனிந்து பார்த்தார். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து ஒரு கறுப்பு நாடா சுற்றியிருந்தது. அது அசைந்தது. எறும்புகள். ஒன்றையொன்று கவ்வி, சுற்றிச் சுற்றி, இறுக்கிக் கட்டியிருந்தன.

"தங்கம்!"

குரல் வரவில்லை. தாடையைச் சுற்றியும் ஏதோ ஊர்ந்து இறுகியிருந்தது. காதின் கீழ். உச்சந்தலை வரை.

சமையலறைக் கதவு திறந்தது. தங்கேஸ்வரி. குளித்த ஈரத்தோடு கூந்தல் அவிழ்ந்து தொங்கியது. கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. இடக்கையில் பால்மா டின். வலக்கை மூடியிருந்தது. விரலிடுக்கிலிருந்து வெள்ளையாக ஒன்றிரண்டு உதிர்ந்தன.

அவர் கணவரைப் பார்க்கவில்லை. கிடத்தியிருக்கும் ஒருவரைப் பார்த்தார்.

நான் இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன். பாரும். என்னைப் பாரும்.

இறங்கிய தரையின் விளிம்பில் தங்கேஸ்வரி மண்டியிட்டார். அந்த வாயிலிருந்து வந்த குரல், மேல் லயத்துக் குரல். ஒருவருடையதும் அல்ல; பலருடையது.

"வாயத் தொறங்க ஐயா."

தாடையின் கட்டு நெகிழ்ந்தது. வாய் தானாகவே திறந்தது.

தங்கேஸ்வரிக்குப் பின்னால் சுவர்கள் எல்லாவற்றிலும் கீறல்கள் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வரிசை இறங்கி, தரையில் ஒன்றாகச் சேர்ந்து, கதிரைவரை வந்து நின்றது. அவசரமில்லாமல். வாய்க்கரிசியிட உறவினர் முறை வைத்து நிற்பதுபோல. ஒவ்வோர் எறும்பிடமும் ஓர் அரிசி.

தங்கேஸ்வரி மூடிய கையைப் புறங்கையாகத் திருப்பினார். முதல் மணிகள் நாக்கில் விழுந்தன. குளிர்ந்திருந்தன.

தங்கேஸ்வரி விலகி, அடுத்தவருக்கு இடம் விட்டார்.

வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.