ஊர் காணாமல் போன ஏழு நிமிடம்

ஓர் ஊரையே காணாமல் போகச் செய்வது எப்படி? இரண்டு நாளாக அஸ்மியாவின் மண்டைக்குள் இந்தக் கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது.

நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்டவள் நின்ற இடம் சாய்ந்தமருதுக் கடைத்தெரு. நோன்பு மாதம், பின்னேரம் ஐந்து மணி. சமுசா வாங்க ஒரு கூட்டம், பள்ளிவாசல் கஞ்சிக்கு வாளியும் கையுமாக இன்னொரு கூட்டம். ஆட்டோக்காரர் அடித்த ஹோர்னில் பூனைகூட எழுந்து மதிலுக்கு அப்பால் குதித்தது. இந்தத் தெருவைக் காணாமல் போகச் செய்வதாம்!

விசயம் இதுதான். தரம் ஏழு மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு திகில் படம் எடுத்தார்கள். பெயர் ‘ஒருத்தருமில்ல’. கதை எழுதியவளும் இயக்குநரும் அஸ்மியா. ஒரு பிள்ளை ரியூசன் முடிந்து வெளியே வருகிறாள். கடைகள் எல்லாம் திறந்து கிடக்கின்றன, ஆட்களை மட்டும் காணோம். எங்கே போனார்கள்? அது அஸ்மியாவுக்கே தெரியாது. கொப்பியில் முடிவு எழுத வேண்டிய பக்கம் வெறுமையாகவே இருந்தது.

“முடிவு தானா வரும்,” என்று மற்ற மூன்று பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். சொல்லும்போது கொப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளையாக நடிப்பவள் றிபா. படம் பிடிப்பவன் சுபியான். அவனுடைய இன்ஸாப் மாமா கட்டாரில் இருந்து கொண்டுவந்த போன்தான் கமரா. சைக்கிள் கைப்பிடியில் போனைக் கட்டி, சைக்கிளை மெல்லத் தள்ளிக்கொண்டு போனால் படம் ஆடாமல் ஓடும். அது சுபியானின் கண்டுபிடிப்பு. தெருவை வெறுமையாக்கும் வேலை பஹ்மிக்கு. பாவம், அவனுக்கு இதுதான் முழு மாதமும் நோன்பு பிடிக்கும் முதல் வருசம்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க! ரெண்டே ரெண்டு நிமிசம் காணாமப் போங்க!” என்று பஹ்மி தொண்டை கிழியக் கத்தினான்.

கமராவைக் கண்டதும் காணாமல் போனவர் ஒருவரும் இல்லை. கமராவுக்குள் வந்தவர்கள்தான் அதிகம். மீன் விற்கும் சீனிமுகம்மது தலையைச் சீவிக்கொண்டு வந்து, கமராவுக்கு முன்னால் நின்று ஒரு சலாம் சொன்னார்.

“இது எந்த டீவியில வரும் புள்ள?”

“டீவியில வராது மாமா. ஸ்கூல்ல போடுவாங்க,” என்றாள் அஸ்மியா.

“அப்பிடியா? அப்ப என்ட ஐஸ் பெட்டியையும் ஒருக்காப் புடி.”

நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த மறுநாளே மண்டபத்தில் ஊர்மக்களுக்குப் படம் காட்டுவதாக நஸீறா டீச்சர் நோட்டீஸும் ஒட்டிவிட்டார். நாளை மறுநாள் விடியற்காலையில் சுபியானின் இன்ஸாப் மாமா கட்டாருக்குப் போகிறார். அவருடன் போனும் போய்விடும். போன் போனால் படமும் போச்சு, அஸ்மியாவின் மானமும் போச்சு.

நாலு பேரும் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் சோர்ந்துபோய்க் குந்தினார்கள். அந்த வண்டி கனகரெத்தினம் அண்ணனுடையது. பெரியநீலாவணையில் இருந்து நாள்தோறும் பெரிய சிவப்புக் குடையுடன் வந்து இங்கேதான் வியாபாரம் செய்வார்.

“ஊர் காணாமப் போற நேரம் எண்டு ஒண்டு இல்லவே இல்ல,” என்றாள் றிபா.

பஹ்மி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “பாங்குக்கு இன்னும் அம்பத்திரண்டு நிமிசம் இரிக்கி,” என்று பெருமூச்சு விட்டான்.

அஸ்மியா சட்டென்று எழுந்து நின்றாள்.

“என்ன சொன்னாய்? திரும்பச் சொல்லு!”

“அம்பத்திரண்டு... இல்ல, அம்பத்தொரு நிமிசம்.”

“அதாண்டா! பாங்கு சொன்னதும் எல்லாரும் என்ன செய்வாங்க?”

“நோம்பு துறப்பாங்க.”

“எங்க?”

பஹ்மியின் வாய் மெல்லத் திறந்தது. சுபியான் தலையில் அடித்துக்கொண்டான். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எல்லாரும் நோன்பு துறக்க உள்ளே போய்விடுவார்கள், தெருவில் ஒரு குருவியும் இருக்காதே! மக்ரிப், சூரியன் மறையும் நேரம் என்பதால் இன்னும் கொஞ்சம் வெளிச்சமும் இருக்கும். இளநீர் சீவிக்கொண்டிருந்த கனகரெத்தினம் அண்ணன் வாய்க்குள் சிரித்தார்.

“மிஞ்சிப்போனா ஏழு நிமிசம் புள்ள,” என்றார். “அதுக்குப் பிறகு தொழுகைக்குப் போற ஆக்கள் வந்திருவாங்க.”

ஏழு நிமிடம் தாராளமாகப் போதும். றிபா ரியூசன் வாசலில் நின்றாள். சுபியான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். பஹ்மி மூலையில் காவல். அஸ்மியா தெருவின் நடுவில், கடல் இருக்கும் பக்கமாகப் பார்த்தபடி கையை உயர்த்தி நின்றாள். ஆட்கள் அவசர அவசரமாக வீடுகளுக்குள் போனார்கள். கடைசி ஆட்டோவும் சந்தில் திரும்பி மறைந்தது. பாங்கு ஒலித்தது. அது முடியும்வரை அவள் அசையாமல் காத்திருந்தாள்.

“தொடங்கு!” என்று கையை இறக்கித் திரும்பினாள்.

றிபா இல்லை. சுபியான் இல்லை. சைக்கிளும் இல்லை. பஹ்மி நின்ற இடத்தில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

ஊர் காணாமல் போயிருந்தது. கூடவே படக்குழுவும் காணாமல் போயிருந்தது!

அஸ்மியாவுக்கு முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்படவும் ஆள் வேண்டுமே. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புடவைக் கடையில் மின்விசிறி தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்றில் தொங்கவிட்ட சேலைகள் மெல்ல அசைந்தன. சமுசாத் தட்டுக்குப் பக்கத்தில் மூடாத மாவு வாளி. சுவரில் சாய்த்தபடி வரிசையாகச் சைக்கிள்கள். எல்லாம் இருந்தன. மனிதர்கள் மட்டும் இல்லை. மேற்கே சூரியன் போய்விட்டான். தெரு முழுவதும் றோசா நிறம் பூசியதுபோல இருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஹோ... என்று இழுத்து, அடங்கி, மறுபடி ஹோ என்றது. அஸ்மியாவின் கைமயிர் குத்திட்டது. என்ன சத்தம் அது?

கடல்! தெருவின் கடைசியில் இருக்கும் அதே கடல்! பிறந்ததில் இருந்து இந்தத் தெருவில் நடக்கிறாள். இங்கே நின்றால் கடல் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. யா அல்லாஹ், இது தன்னுடைய தெருதானா? அவளுக்குப் பயமாகவும் இருந்தது, அழுகை வரும்போலவும் இருந்தது. அந்த இடத்தை விட்டு நகர மட்டும் மனம் வரவில்லை.

“புள்ள, மொதல்ல நோம்பத் துற,” என்றது ஒரு குரல்.

அஸ்மியா திடுக்கிட்டுத் திரும்பினாள். சிவப்புக் குடையின் கீழ் கனகரெத்தினம் அண்ணன் வெட்டிய இளநீரை நீட்டிக்கொண்டு நின்றார். அவள் அல்லாஹ்வின் பெயரால் பிஸ்மி சொல்லிக் குடித்தாள். அவ்வளவு இனிப்பான இளநீரை அவள் குடித்ததே இல்லை.

“நீங்க போகல்லயா அண்ணன்?”

“நான் போனா கடையள ஆரு பாக்கிற? எல்லாரும் என்னை நம்பித்தானே தொறந்து போட்டுட்டுப் போறாங்க.”

மறுநாள் காலை மூன்று பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அஸ்மியா வீட்டுக்கு வந்தார்கள்.

“பாங்கு கேட்டதும் உம்மாட முகம் ஞாபகம் வந்திட்டுகா,” என்றாள் றிபா.

“நான் ஓடல்ல. என்ட கால்தான் ஓடின,” என்றான் பஹ்மி.

அஸ்மியா ஏச வேண்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் பஹ்மி ஒரு காலில் செருப்பும் மற்றக் காலில் ஒன்றும் இல்லாமலும் நின்ற கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பசித்தவனை ஏசி என்ன பயன்? பசிக்கு வழி பார்ப்பதுதான் புத்தி.

அன்று பின்னேரம் உம்மாவிடம் கேட்டு நாலு பொட்டலம் கட்டினாள். ஒவ்வொன்றிலும் மூன்று ஈத்தம்பழம், ஒரு றோல்ஸ், ஒரு சின்னப் போத்தல் தண்ணீர். பஹ்மியின் பொட்டலத்தில் மட்டும் றோல்ஸ் இரண்டு.

“பாங்கு சொன்னா நிண்ட இடத்திலயே நோம்பத் துறக்கிற. ஒருத்தரும் ஓடப்படாது. பாங்கு முடிஞ்சதும் கமரா ஓடும்,” என்றாள்.

“அது சரி,” என்றான் சுபியான் போனுக்குள் பார்த்தபடி. “அந்தச் சிவப்புக் குடையும் அண்ணனும் நடுவுல தெரியுதே. ஒருத்தருமில்ல எண்டு படத்துக்குப் பேர் வெச்சிட்டு ஒரு ஆள் நிண்டா எப்பிடி? ஏழு நிமிசம் அங்கால போகச் சொல்லு.”

அது கனகரெத்தினம் அண்ணனின் காதிலும் விழுந்துவிட்டது. “அங்கால போக ஏலாது தம்பி, கடை இரிக்கி. வேணுமெண்டா ஒளிஞ்சி கொள்றன்,” என்று வண்டிக்குப் பின்னால் குந்தினார். குடை தெரிந்தது. குடையைச் சுருக்கினார். தலை தெரிந்தது. தலையைத் தாழ்த்தினார். முதுகு தெரிந்தது. அவர் நல்ல உயரமான மனிதர்.

அஸ்மியா அவரைப் பார்த்தாள். ஊரே உள்ளே போனபின் ஊருக்காக நிற்கும் ஒரே ஆள். அவரைப் போய்க் காணாமல் போகச் சொல்வதா? அவளுக்கு மனம் கேட்கவில்லை.

“எழும்புங்க அண்ணன்,” என்றாள். “குடைய விரிங்க. நீங்களும் படத்துல இரிக்கீங்க.”

“ஐயோ! எனக்கு நடிக்கத் தெரியாது புள்ள.”

“நடிக்க வேணாம். நேத்து நிண்ட மாதிரியே நில்லுங்க.”

அவ்வளவுதான், கொப்பியில் வெறுமையாக இருந்த பக்கம் அந்த நிமிடமே நிரம்பிவிட்டது. அஸ்மியா புடவைக் கடை முதலாளியிடம் ஓடிப்போய், கடையின் பின் அறைக் கதவைத் திறக்க மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

பாங்கு ஒலித்தது. நாலு பேரும் நின்ற இடத்திலேயே ஈத்தம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீரும் குடித்தார்கள். ஒரு காலும் ஓடவில்லை.

“தொடங்கு!”

றிபா வாசலை விட்டு இறங்கி நடந்தாள். சைக்கிள் பின்னால் உருண்டது. கிறீச்... கிறீச்... இரைச்சலில் இவ்வளவு நாளும் கேட்காத சத்தம், இன்று தெரு முழுவதும் கேட்டது. சுபியான் பயந்துபோய் அஸ்மியாவைப் பார்த்தான். நிறுத்தாதே என்று அவள் கையைக் காட்டினாள். கிறீச் சத்தத்துக்கு அடியில் கடல் ஹோ என்றது. றிபாவின் கண்கள் விரிந்தன. அது நடிப்பில்லை. அவளும் இந்தத் தெருவை இப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பஹ்மி றோல்ஸைக் கடிக்கவும் மறந்து வானத்தைப் பார்த்து நின்றான்.

றிபா சிவப்புக் குடையின் முன் வந்து நின்றாள்.

“அண்ணன்... ஊராக்கள் எல்லாம் எங்க?”

கனகரெத்தினம் அண்ணன் கத்தி பிடித்த கையாலே புடவைக் கடையைக் காட்டினார். கத்தியில் அந்தி வெளிச்சம் பட்டு மின்னியது. அஸ்மியாவே ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

“கதவத் திற புள்ள,” என்றார் மெதுவாக.

றிபா அசையும் சேலைகளுக்கு நடுவே போனாள். சுபியான் போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனான். றிபா கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஒரே வெளிச்சம். பாயில் வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் ஆவி பறக்கும் கஞ்சி. எல்லா முகங்களும் ஒன்றாகத் திரும்பின. சீனிமுகம்மது கன்னம் புடைக்கச் சமுசாவுடன் இருந்தார். இந்தத் தடவை அவர் கமராவைக் கவனிக்கவே இல்லை.

“என்ன மகள் பாத்துக்கிட்டு நிக்கிறாய்?” என்றார். “வா, வந்து இரி. உனக்கும் ஒரு கோப்பை இரிக்கி.”

“போதும்!” என்று கத்திவிட்டு அஸ்மியா அங்கேயே துள்ளிக் குதித்தாள்.

படத்தை நஸீறா டீச்சரின் கணினியில் ஏற்றிக்கொடுத்துவிட்டு இன்ஸாப் மாமா கட்டாருக்குப் போனார். பெருநாளும் வந்து போனது. பாடசாலை மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டினார்கள். கடைத்தெருவே திரண்டு வந்து உட்கார்ந்தது. கனகரெத்தினம் அண்ணன் கடைசி வரிசையில் இருந்தார்.

முதலில் ஒரே பேச்சும் சிரிப்பும்தான். வெறுமையான தெரு திரையில் வந்ததும் மண்டபம் கப்சிப் என்று அடங்கியது. மின்விசிறி சுற்றியது. சேலைகள் அசைந்தன. கிறீச் என்றது. கடல் ஹோ என்றது. ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை.

“அல்லாவே... இது நம்மட தெருவா?” என்று யாரோ மெல்லக் கேட்டார்கள்.

அந்தக் கேள்வி நியாயமானதுதான். அந்த நேரம் ஊரே உள்ளே இருக்கும். தாங்கள் இல்லாத தெருவை அவர்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்?

கதவு திறந்து சமுசாவுடன் சீனிமுகம்மதின் முகம் வந்ததும் கூரை பறக்கும் அளவுக்குச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

சீனிமுகம்மது எழுந்து பின்னால் திரும்பினார். “நாப்பது வருசமா அந்தத் தெருவுல மீன் விக்கிறன் கனகரெத்தினம். இத நான் பாத்ததே இல்ல. நீ வருசாவருசம் பாக்கிறாய், ஒரு சொல் சொன்னாயா?”

கனகரெத்தினம் அண்ணன் கூச்சத்துடன் தலையைச் சொறிந்தார்.

“அழகுதான் சீனிமுகம்மது நானா. ஆனா தனியப் பாக்கப் பயமாயும் இரிக்கும். ஏழாவது நிமிசம் ஒரு கதவு தொறந்து முதல் ஆள் வெளிய வருவார் பாருங்க, அது அதவிட அழகு.”

சீனிமுகம்மது நடந்துபோய் அவருடைய கையைப் பிடித்து அழைத்துவந்து, முன் வரிசையில் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

“டீச்சர், இன்னொருக்காப் போடுங்க!” என்று கூட்டம் கத்தியது.

விளக்குகள் மறுபடி அணைந்தன. திரையில் தெரு மெல்ல வெறிச்சோடியது. பஹ்மியின் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய் ஈத்தம்பழத்தைத் தேடியது.