எதிர்ப்பக்கம் ஏறிய கோடுகள்

விங் கமாண்டர் சடையப்பன் அட்டைப் பட்டறைக்குள் செருப்போடு நுழைந்தார். அதிலேயே விஷயம் பெரியது என்று வீரபாகுவுக்குப் புரிந்துவிட்டது. ரேடியோவில் மணி சொல்லும்போது கைக்கடிகாரத்தைச் சரிபார்க்கிற மனிதர் அவர். ஆரணித் தெருவில் நடக்கும்போதுகூட ஓடுபாதையின் நடுக்கோட்டில் நடப்பது போலத்தான் நடப்பார்.

"மாணிக்கவேல், போலீசுக்குப் போகிற விஷயமில்ல. போனா ஊர் சிரிக்கும்" என்றார்.

மாணிக்கவேல் உளியைக் கீழே வைத்தார். ஜக்கார்டு தறிகளுக்கு அட்டை குத்துவது அவர் தொழில். கட்டம் போட்ட தாளில் வரைந்த பூவைப் பார்த்து, எந்த இழை மேலே எழ வேண்டுமோ அந்த இடத்தில் அட்டையில் ஓட்டை போடுவார். ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் படுத்துக் கிடக்கும். முப்பது வருடமாக இல்லாத ஓட்டையையும் இருக்கும் ஓட்டையையும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதால், காணாமல்போன எதற்கும் ஊர் அவரிடம்தான் வந்தது.

எதிரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான் வீரபாகு. பாதி நாள் இங்கேதான் இருப்பான். உதவிக்கு என்று சொல்லிக்கொள்வான். ஆனால், யாரும் நேராக அவனிடம் வந்து துப்புக் கேட்டதில்லை என்பது அவன் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருடம் மாணிக்கவேல் வெளியே போயிருந்தபோது, அந்த உளியை எடுத்து ஓர் அட்டை குத்திப் பார்த்து முனையை உடைத்துவிட்டான். அதே போல ஒன்று வாங்கி, ஓசைப்படாமல் வைத்துவிட்டான். நல்லவேளை, அவருக்குத் தெரியாது.

சடையப்பன் அழைப்பிதழ் ஒன்றை நீட்டினார். வரும் ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் சங்கம் அவருக்கு எடுக்கும் பாராட்டு விழா. மேலே வீரபாகு எடுத்த வண்ணப்படம்: அவர் போட்டிருந்த கோட்டின் நெஞ்சில் பதக்க வரிசை.

"கண்ணமங்கலத்து சின்னதுரை தெரியுமில்ல? ஏர்ஃபோர்ஸ்ல சார்ஜென்டா இருந்து ரிட்டயர் ஆனவன். இதப் பாத்துட்டு சங்கத்துக்கு எழுதிட்டான். என்னோட பதக்கம் போலியாம். சாம்பலும் காவியுமா சாய்கோடு போட்ட ரிப்பன் அது. அந்தக் கோடு எதிர்ப்பக்கம் சாஞ்சுகினு இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இல்லன்னா விழா கிடையாது, பேரும் கிடையாது."

வீரபாகு சட்டென்று எழுந்தான். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்தால் இடது வலமாகும், கோடும் எதிர்ப்பக்கம் சாயும். தப்பு தன்னுடையதா? படத்தைப் பிடுங்கிப் பார்த்தான். பிறகு மூச்சு வந்தது.

"படம் சரிதாண்ணே! பதக்கம் இடது நெஞ்சில இருக்கு. திருப்பிப் போட்டிருந்தா வலது நெஞ்சுக்குப் போயிருக்கும்."

"சபாஷ். அப்ப திரும்பினது படமில்ல, ரிப்பனேதான். போய்ப் பாக்கலாம்" என்றார் மாணிக்கவேல்.

சடையப்பன் வீட்டுக் கூடத்தில் எண்பத்தாறில் எடுத்த ஒரு படம் மாட்டியிருந்தது. அதில் பதக்க ரிப்பனின் கோடுகள் ஒரு பக்கம் ஏறின. மேசைமேல் இருந்த பதக்கத்தில் அவை மறுபக்கம் ஏறின. நான்கு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்று வந்ததிலிருந்து பதக்கங்கள் பீரோவில்தான் இருந்தன.

மாணிக்கவேல் பூதக்கண்ணாடியை எடுத்தார். பதக்கத்தின் விளிம்பில் சடையப்பனின் எண், பதவி, பெயர் எல்லாம் பொடியெழுத்தில் வெட்டியிருந்தன. "பதக்கம் அசல். ரிப்பனை மட்டும் மாத்தியிருக்காங்க. இது எதுக்குக் குடுத்ததுங்க?"

சடையப்பன் பறந்தவர் என்பதைவிடப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதே சரி. பயிற்சி விமானத்தில் முன்னால் மாணவன், பின்னால் ஆசிரியர். இரண்டு பேருக்கும் தனித்தனிப் பிடி உண்டு. இரண்டும் உள்ளே இணைந்தவை. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். ஆசிரியர் தன் பிடியைத் தொடாமலே பிடித்திருக்க வேண்டும். சீக்கிரம் பிடித்தால் மாணவன் கற்க மாட்டான், தாமதமாகப் பிடித்தால் இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள். எண்பத்தைந்தில் ஒரு நாள் வானத்திலேயே எஞ்சின் நின்றுவிட்டது. பிடியைத் தன் கைக்கு வாங்கி, ஒரு நிலக்கடலை வயலில் விமானத்தை வயிற்றால் இறக்கினார். மாணவனுக்குக் கீறல்கூட இல்லை.

"அந்தப் பையன் இப்ப பெரிய ஆபீசர்" என்று காப்பியோடு வந்தார் அவர் மனைவி ரேணுகாதேவி. "இவரு சொல்லிக்குடுத்த பசங்க அத்தினி பேர் பொறந்த நாளும் இவருக்குத் தெரியும். எம் பொறந்த நாளைக் கேளுங்க பாப்போம்."

"சித்திரையில..." என்று ஆரம்பித்தார் சடையப்பன்.

"ஐப்பசி" என்றார் அந்த அம்மாள், டம்ளரை டக்கென்று வைத்தபடி. வீரபாகு கண்ணாலேயே மாணிக்கவேலுக்குச் சைகை காட்டினான். மாணிக்கவேல் கண்டுகொள்ளவில்லை.

"ரிப்பன் அழுக்கானா இன்னா பண்ணுவீங்கம்மா?"

"மெட்ராஸ்ல மிலிட்டரி டெய்லர் கடையில மீட்டர் கணக்குல விப்பாங்கண்ணா. வாங்கியாந்து நான்தான் தைப்பேன்."

"வீட்ல நீங்க இல்லாத நாள் ஏதாவது?"

"பொங்கல் முடிஞ்சு பத்து நாள் பெங்களூர்ல மகள் வீட்ல இருந்தோம். சாவி அடுத்த வீட்ல, எங்க மூத்தார்கிட்ட. சின்னதுரைகூட அப்ப ஒருக்கா வந்தாராம், இவரைப் பாக்க."

அடுத்த வீட்டில் பொன்னுசாமி தறியில் இருந்தார். சடையப்பனுக்கு ஆறு வயது மூத்த அண்ணன். காலையில் சாயப் பானையில் நூல் முக்கியிருப்பார் போல. விரல்களெல்லாம் அரக்குச் சிவப்பு. தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூல் சாம்பல் நிறம்.

"வாய்யா மாணிக்கம். தம்பிக்கு மாலை போடறாங்கன்னு ஊரே பேசிகினு இருந்துச்சு. இப்ப இன்னாடான்னா வேற மாதிரி பேசுது. அவனுக்கு எதுவும் சும்மா வராது, எல்லாம் சத்தத்தோடதான் வரும்."

"சாம்பல் கலரு நல்லா இருக்கே."

"இந்த வருஷம் பாதி ஊரு இதத்தான் நெய்யுது."

"சின்னதுரை வந்தப்ப வீட்டைத் தெறந்து விட்டீங்களா?"

"வாசல்லயே பேசி அனுப்பிட்டேன். அந்தாளுக்கு ஒரு மெடலும் கெடைக்கலன்னு ஒரே பொகைச்சல். பேஜார் புடிச்ச மனுசன்."

பட்டறைக்குத் திரும்பும்போதே வீரபாகு பொங்கினான். "சின்னதுரைதாண்ணே! அவனே மாத்தி வெச்சுட்டு அவனே கண்டுபுடிச்ச மாதிரி எழுதறான். இல்லன்னா அந்தம்மா. பாவம், அவங்களுக்கும் எரிச்சல் இருக்கு."

"எரிச்சல் எல்லாருக்கும் இருக்குப்பா" என்று சொல்லி உளியை எடுத்துத் துடைத்தார் மாணிக்கவேல். "ரிப்பனைப் பாத்தியே, அதுல இன்னா பாத்த?"

"பட்டு. நல்ல நெசவு."

"ஒரு ஓரம் தறியில நெய்த ஓரம். இன்னொண்ணு மடிச்சுத் தெச்ச ஓரம். பின்னால காவி இழை தொளதொளன்னு தொங்குது. அத்த மனசுல வெச்சுக்கோ. நாளைக்கு எல்லாரையும் கூப்பிடு."

மறுநாள் காலை சடையப்பன் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். சின்னதுரை விறைப்பாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பொன்னுசாமி தூணில் சாய்ந்து நின்றார்.

"முதல்ல சார்ஜென்ட்" என்றார் மாணிக்கவேல். "உங்களுக்குப் பொறாமை உண்டா?"

"உண்டு" என்றார் சின்னதுரை பளிச்சென்று. "அவர் ஓட்டின விமானத்துக்கு இறக்கை பாத்தவன் நான். பதினெட்டு வருஷம். இறக்கை கழண்டு விழாம இருந்ததுக்கு எவன் மெடல் குடுத்தான்? ஆனா தப்பான ரிப்பனைக் குத்தினா எங்கப்பனா இருந்தாலும் எழுதுவேன்."

"நம்பறேன். ஏன்னா, உங்களுக்கு ரிப்பன் வேணும்னா மெட்ராஸ் கடையில அசலே வாங்கலாம். அவமானப்படுத்தணும்னா பதக்கத்தையே தூக்கிட்டுப் போயிருக்கலாம். இந்த ரிப்பனை மாத்தினவர், யாரும் கண்டுபுடிக்கக் கூடாதுன்னு பாடுபட்டு நெய்திருக்கார். இது கடையில கிடைக்கும்னே அவருக்குத் தெரியாது. கடையில கிடைக்கும்னு அம்மாவுக்குத் தெரியும், அதனால அவங்களும் இல்ல."

மாணிக்கவேல் ஒரு மெல்லிய தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்த ரிப்பன் அகலத் தறியோட ஓரத்துல, ரெண்டு விரல் அளவுக்கு நெய்து வெட்டினது. அதனாலதான் ஒரு ஓரம் மட்டும் நெய்த ஓரம். சாம்பல் பாவுல காவி இழையைச் சாய்வா ஓட்டியிருக்கு. அதுக்கு அட்டை வேணும். அட்டைக்கு எங்கிட்ட வரல, வந்தா நான் கேப்பேனில்ல? ஒவ்வொரு இழையா கையால எடுத்து, பக்கத்துல அசல் ரிப்பனை வெச்சுகினு பாத்துப் பாத்து நெய்திருக்கார். அசல்ல கோடு எந்தப் பக்கம் ஏறுதோ, தறி மேலயும் அந்தப் பக்கமே ஏத்தினார்."

"அப்ப சரியாத்தானே வந்திருக்கணும்?" என்றான் வீரபாகு.

"நாம பூப்போட்ட சேலையை முகம் கீழ பாக்கத்தானே நெய்யறோம்? முகம் மேல இருந்தா நிறைய இழையைத் தூக்கணும், தறிக்குப் பாரம். அதனால நெய்யறவர் பாக்கறது முதுகு. நல்ல முகம் அடியில இருக்கும்." தாளில் மையால் ஒரு சாய்கோடு போட்டு, அதைப் புரட்டிக் காட்டினார். மறுபக்கம் தெரிந்த கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. "வெட்டி எடுத்துப் புரட்டினப்ப இப்படி ஆயிடுச்சு. திருப்பித் தைக்கவும் முடியாது, பின்பக்கம் இழை தொங்குதே."

"நெய்யறவனுக்கு இது தெரியாதா?" என்று கேட்டார் சடையப்பன்.

"தெரிய வேண்டியதே இல்லீங்க. மயில் எந்தப் பக்கம் பாக்கணுமோ, அதுக்கு எதிரா நான்தான் அட்டையில திருப்பிக் குத்தறேன். முப்பது வருஷமா. அவங்க கையில வரும்போது தானா சரியாயிடும். அட்டை இல்லாம, முதல் தடவையா சாய்கோடு நெய்த ஒருத்தர்தான் இதுல மாட்டுவார். கை தேர்ந்த நெசவாளி. பத்து நாள் சாவி வெச்சிருந்தவர்."

யாரும் பொன்னுசாமியைப் பார்க்கவில்லை. அதுதான் பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

"திருடல" என்றார் அவர். "போட்டுப் பாத்தேன். அவ்ளோதான். சாயக் கை ஈரமா இருந்துச்சு, ரிப்பன்ல பட்டுடுச்சு. கழுவினா இன்னும் பரவுச்சு." மடியிலிருந்து அசல் ரிப்பனை எடுத்துப் போட்டார். அதன் நடுவில் சிவப்பாக ஒரு கட்டைவிரல். "பின்னால உக்காந்து பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தான்னு இவனுக்கு மெடல். இவன் காலு எட்டாத வயசுல, பக்கத்துல உக்கார வெச்சு இவனுக்கு மிதி கட்டை மிதிக்கச் சொல்லிக்குடுத்தது யாரு? அதுக்கப்புறம் எத்தினி பேருக்கு! எவனாவது எந்நெஞ்சுல ஒரு குண்டூசியாவது குத்துனானா?"

சடையப்பன் ரிப்பனைக் கையில் எடுத்தார். "போட்டுப் பாத்தப்ப எப்படி இருந்துச்சுண்ணே?"

"பின்னு குத்துச்சு" என்றார் பொன்னுசாமி.

சின்னதுரை தொண்டையைச் செருமினார். "புது ரிப்பன் மெட்ராஸ்லேருந்து வர நாலு நாள் ஆகும் சார். அதுவரைக்கும் இது... கறை இருக்கு. விதிப்படி குத்தக் கூடாது."

"தெரியும்" என்றார் சடையப்பன். "ஆனா இது அசல்தானே?"

"அசல்தான்."

"அப்ப அப்படியே சங்கத்துக்கு எழுது. கறையைப் பத்திக் கேட்டா, என் முதல் வாத்தியாரோட கைன்னு சொல்லிடறேன்."

திரும்பி வரும் வழியில் வீரபாகுவால் அடக்க முடியவில்லை. "நெய்ததைக் கண்டுபுடிச்சது சரிண்ணே. ஆனா போட்டுப் பாக்கத்தான் எடுத்தார்னு உங்களுக்கு எப்படி முன்னமே தெரியும்? நேத்தே முடிவு பண்ணிட்ட மாதிரி இருந்தீங்களே."

"பொறாமைப்படறவன் பொருளைத் திருட மாட்டான்பா. தன் கையில அது எப்படி இருக்கும்னு பாப்பான். கெட்டுப்போனா அதே மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சுட்டு நல்ல புள்ளையாட்டம் இருப்பான்." மாணிக்கவேல் நடந்துகொண்டே சொன்னார். "புது உளி நல்லாத்தான் இருக்கு. பிடிதான் கொஞ்சம் நீளம்."



ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. சடையப்பன் மேடையில் நின்றார், நெஞ்சில் கறைபட்ட ரிப்பன். மூன்றாம் வரிசையில் பொன்னுசாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரே தட்டியபோது அவர் தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும், விழாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்த வீரபாகுவிடம் நேராக வந்தார். மாணிக்கவேல் பக்கத்திலேயே நின்றும், வந்தது அவனிடம்தான்.

"இன்னிக்கு எடுத்த படத்துல எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. அவன் மூஞ்சி வேணாம். ரிப்பனை மட்டும் பெரிசா."

"எதுக்குங்க?"

"எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாக்கணும்" என்றார் பொன்னுசாமி. "அடுத்த தடவை தப்பா வரக் கூடாதில்ல?"