இடுப்பளவும் நெஞ்சளவும்

பகல் பதினொன்றரைக்குச் சமையலறைச் சுவர் பிளந்தது. தெர்மோகோல் கட்டிகளை அடுக்கி, நடுவிலுள்ள இடைவெளியில் கான்கிரீட் ஊற்றிக் கட்டும் வீடு அது. உடைந்து கொட்டிய ஈரக் கான்கிரீட், அறைக்குள் நின்று சுவருக்கு முட்டுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்த இளைஞனை மூடிவிட்டது. தோண்டி எடுத்தபோது மூச்சில்லை.

இன்ஸ்பெக்டரம்மா வந்து இறங்கியபோதே குற்றவாளி தயாராக இருந்தார். வீட்டுக்காரர் மேஸ்திரியைக் கைகாட்டினார். மேலே சாரத்தில் குழாய் பிடித்து ஊற்றியவன் செத்தவனின் அண்ணன். அவனும் தலை நிமிராமல், "மேஸ்திரி சொன்னபடிதான் ஊத்தினேன்" என்றான். மேஸ்திரியோ மறுக்கவே இல்லை. எல்லோரும் ஒரே ஆளைக் காட்டினால் இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"எப்படி ஊத்துவீங்க?"

"முதல் சுற்று இடுப்பளவும்மா. அது இறுகினப்புறம்தான் ரெண்டாவது. ஈரத்து மேல ஈரத்தை ஏத்தினா கட்டி தாங்காது."

"இறுகுற வரைக்கும் சும்மா நிப்பீங்களா?"

"நிக்கவே வேண்டாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, சுவர் 'ப' மாதிரி மூணு பக்கம்தான். படுக்கையறை முனையில ஆரம்பிச்சு சமையலறை முனையில முடிப்போம். அப்புறம் குழாயைக் கழற்றி, பழையபடி படுக்கையறைக்கு இழுத்துட்டுப் போய்ப் பூட்டுவோம். அதுக்குள்ள ஆரம்பிச்ச இடம் இறுகியிருக்கும். பதறாத காரியம் சிதறாதும்மா."

"இன்னிக்கு ஏன் சிதறுச்சு?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "என் பொறுப்பு. எழுதிக்குங்க."

"அப்ப எங்க இருந்தீங்க?"

"வாசல்ல. அடுத்த லாரிக்கு வழி காட்டிட்டிருந்தேன்."

ஆணியில் ஒரு சலவைச் சட்டை தொங்கியது. சிமெண்டு வேலைக்கு எவன் சலவைச் சட்டை கொண்டுவருவான்? இறந்தவனுடையது என்றார்கள். அதன் பையில் உள்ளங்கை அளவில் ஒரு குல்லாய் இருந்தது. இன்ஸ்பெக்டரம்மா அதை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பிறகு ஏணியில் ஏறினாள். படுக்கையறைச் சுவருக்குள் எட்டிப் பார்த்து, கம்பியால் குத்தினாள். கம்பி இறங்கவில்லை. சாரத்திலேயே நடந்து, சமையலறைப் பக்கம் உடையாமல் நின்ற துண்டுச் சுவரிலும் குத்தினாள். கம்பி சேற்றில் போவது போலப் போனது.

கீழே வந்து எல்லோரையும் கூப்பிட்டாள்.

"ரெண்டாவது சுற்று படுக்கையறையில ஆரம்பிச்சிருந்தா, அங்கதானே உயரம் ஏறியிருக்கணும்? அங்க இடுப்பளவோட நிக்குது. சமையலறையில மட்டும் நெஞ்சளவு. அதாவது, முடிச்ச இடத்துலயே நின்னு மறுபடி ஊத்தியிருக்கு. மேஸ்திரி வாசல்ல. குழாய் உங்க கையில." அண்ணனைப் பார்த்தாள். "நீங்கதான்."

மேஸ்திரி குறுக்கே வந்தார். "ஏணி ஏறி நானும் பார்த்தேன்மா. தெரிஞ்சுதான் ஒத்துக்கிட்டேன். அந்தத் தாய்க்கு ஒரே நாள்ல ரெண்டு பிள்ளையும் போகணுமா?"

பழியைச் சுமக்க ஒரு மனிதர் தயாராக இருந்தார். இன்ஸ்பெக்டரம்மாவுக்கும் ஒரு கணம் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றிருந்தது. ஆனால் அதற்குள் அண்ணன் வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தான்.

"இன்னிக்குக் காலையில அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்கும்மா. இன்னும் முகம் பார்க்கல. வேலை முடிஞ்சதும் போறேன்னு சட்டையெல்லாம் கொண்டுவந்தான். குழாயை இழுத்துப் பூட்டுற நேரம் மிச்சமானா, சீக்கிரம் அனுப்பிடலாம்னு நெனச்சேன்."

"இறுகலன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அவனுக்கும் தெரியும். 'அண்ணா, இங்க இன்னும் ஈரமா இருக்குண்ணா'ன்னு கீழ இருந்து கத்தினான்." சிமெண்டு காய்ந்த கையால் முகத்தை மூடிக்கொண்டான். "உனக்காகத்தான்டா, பேசாம கட்டையைப் புடின்னேன். பிடிச்சான்மா."